ஜெனிவாவில் இந்தியாவின் வாக்கு: வகுப்பில் எப்படி விளக்குவது?

வலிகாமத்து ஆசிரியன்:

யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்கு அரசறிவியல் கற்பிக்கிறேன். வெளிநாட்டுக் கொள்கை என்ற அலகு வரும்போது தேசிய நலன், புவியியல் அமைவு, உள்நாட்டு அரசியல், தலைவரின் ஆளுமை என்று குறிப்பில் உள்ள காரணிகளைச் சொல்லி எழுதுவித்துவிட்டு அடுத்த அலகுக்குப் போவதே இவ்வளவு காலமும் என் வழக்கமாக இருந்தது. சென்ற வாரம் அப்படிப் போக முடியவில்லை. மாணவி ஒருத்தி, ஜெனிவாவில் கூடும் ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் பேரவையில் இலங்கை தொடர்பாக இந்தியா எடுத்த நிலைப்பாடுகளைத் தன் கொப்பியில் அட்டவணையாக எழுதிக்கொண்டு வந்திருந்தாள். 2009 மே மாதம், யுத்தம் முடிந்த கையோடு இலங்கை அரசே முன்வைத்த தீர்மானத்துக்கு ஆதரவு. 2012 மார்ச்சில் ஐக்கிய அமெரிக்கா கொண்டுவந்த, இலங்கை அரசு கடுமையாக எதிர்த்த தீர்மானத்துக்கும் ஆதரவு. 2013 இலும் ஆதரவு. 25 நாடுகள் ஆதரித்து 13 நாடுகள் எதிர்த்த 2014 ஆம் ஆண்டுத் தீர்மானத்தில் நடுநிலை. 2021 இலும் 2022 இலும் மீண்டும் நடுநிலை. அட்டவணையைக் காட்டிவிட்டு, "சேர், இதில் எது கொள்கை?" என்று கேட்டாள்.

அவள் கொள்கை என்ற சொல்லைக் கோட்பாடு என்ற பொருளில் கேட்டாளா, அணுகுமுறை என்ற பொருளில் கேட்டாளா என்பது எனக்கு விளங்கவில்லை. ஒருவேளை அந்த இரண்டையும் ஒரே சொல்லால் நாம் குறிப்பதுதான் சிக்கலோ என்றும் பின்னர் தோன்றியது. எல்லாம் நலன்தான் என்று சொல்லியிருந்தால் பாடம் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும், பிள்ளைகளும் தலையாட்டியிருப்பார்கள். ஆனால், இந்தியாவின் நலன் 2013 இல் ஒன்றாகவும் ஓராண்டு கழித்து வேறொன்றாகவும் எப்படி ஆனது என்று அடுத்த கேள்வி வந்திருந்தால் என்னிடம் பதில் இல்லை. யுத்தம் முடிந்தபோது இந்த வகுப்பில் இருப்பவர்களுக்கு ஒன்றோ இரண்டோ வயது. அவர்களுக்கு ஜெனிவா என்பது ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோ பத்திரிகையின் முதற்பக்கத்தில் வந்து போகும் ஓர் ஊர்ப் பெயர், அவ்வளவுதான். கோபமும் இல்லாமல் பக்தியும் இல்லாமல், ஒரு பாடமாக இதை எப்படிச் சொல்லலாம் என்று விடயமறிந்தவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

கீரிமலை:

ஆசிரியர் அவர்களுக்கு, முதலில் ஒரு திருத்தம். 25 க்கு 13 என்பது 2013 ஆம் ஆண்டின் எண்ணிக்கை. 2014 இல் 23 நாடுகள் ஆதரித்தன, 12 எதிர்த்தன, 12 நடுநிலை வகித்தன. நான் பல ஆண்டுகள் ஒரு பத்திரிகையின் வெளிநாட்டுச் செய்திப் பகுதியில் இருந்தவன் என்பதால் இந்த எண்கள் மனதில் பதிந்துபோயின. எண்ணைப் பெரிய எழுத்தில் தலைப்பாக்கி, தீர்மானத்தின் வாசகத்தை வாசிக்காமலே பக்கத்தை அச்சுக்கு அனுப்பிய குற்றமும் எனக்கு உண்டு. உங்கள் மாணவியின் அட்டவணையில் உள்ள குறையும் அதுதான்: எப்படி வாக்களிக்கப்பட்டது என்பது இருக்கிறது, எதற்கு என்பது இல்லை.

2009 மே 27 ஆம் திகதி 29 க்கு 12 என்று நிறைவேறியது, உள்நாட்டு விவகாரங்களில் தலையிடாமை என்ற கோட்பாட்டை வலியுறுத்திய, இலங்கையே எழுதிய ஒரு வாசகம். ஐரோப்பிய நாடுகள் கேட்டுக் கூட்டிய விசேட அமர்வை இலங்கை தனக்குச் சாதகமாகத் திருப்பிக்கொண்ட நாள் அது. இந்தியா மட்டுமன்றிச் சீனா, பாகிஸ்தான், ரஷ்யா, கியூபா ஆகியவையும், நிறவெறிக்கு எதிராகப் போராடி எழுந்த தென்னாபிரிக்காவும் அன்று ஒரே பக்கத்தில் நின்றன. 2012 இன் தீர்மானம் இதற்கு நேர்மாறானது என்றுதான் நாம் எழுதினோம். உண்மையில் அது இலங்கையிடம் கேட்டதெல்லாம், இலங்கையின் சொந்த ஆணைக்குழுவான கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் பரிந்துரைகளை நிறைவேற்றுங்கள் என்பதே. அந்த வாசகத்தின் இறுதிப் பந்தியில், ஐ.நா. மனித உரிமைகள் உயர்ஸ்தானிகர் அலுவலகம் இலங்கைக்கு வழங்கும் ஆலோசனையும் தொழில்நுட்ப உதவியும் இலங்கை அரசுடன் கலந்தாலோசித்து, அதன் இணக்கத்துடன் வழங்கப்பட வேண்டும் என்ற சொற்கள் பிற்பாடு சேர்க்கப்பட்டன. அவற்றைச் சேர்க்கச் செய்தது இந்தியா. பாம்பின் பல்லைப் பிடுங்கிவிட்டு அதைத் தூக்கிக் காட்டியது போன்ற ஆதரவு அது.

இந்தக் கண்ணோடு 2014 ஐப் பாருங்கள். அந்த ஆண்டின் தீர்மானம் முதன்முதலாக, உயர்ஸ்தானிகர் அலுவலகமே ஒரு முழுமையான விசாரணையை நடத்த வேண்டும் என்று கேட்டது. அப்படி அளவுமீறித் தலையிடும் அணுகுமுறையை ஏற்க முடியாது என்று சபையில் விளக்கம் கொடுத்துவிட்டு இந்தியா நடுநிலை வகித்தது. 2021 இன் தீர்மானம் சான்றுகளைத் திரட்டிப் பாதுகாக்கும் ஓர் ஏற்பாட்டை உருவாக்கியது, 2022 இன் தீர்மானம் அதை நீடித்தது, இரண்டிலும் நடுநிலை. ஆக, வாக்குகள் மாறியிருக்கின்றன, ஆனால் ஒரு கோடு மாறவில்லை: இலங்கையின் சம்மதம் இல்லாமல் வெளியிலிருந்து ஒரு விசாரணைப் பொறிமுறை அதன்மேல் இறங்குவதற்கு இந்தியா ஒருபோதும் கை உயர்த்தவில்லை. இதற்கான காரணத்தைத் தேடி நீண்ட தூரம் போக வேண்டியதில்லை. 2018 ஜூன் மாதம் அதே உயர்ஸ்தானிகர் அலுவலகம் காஷ்மீர் பற்றிய தனது முதலாவது அறிக்கையை வெளியிட்டபோது இந்தியா அதை முற்றாக நிராகரித்தது. நாளை தன் வாசலுக்கு வந்து நிற்கக்கூடிய பாதையை அயல்காணிக்குள் வெட்டிக்கொடுக்க எந்த அரசும் இலகுவில் முன்வராது.

தமிழகத்தின் அழுத்தம் என்ற விளக்கமும் உங்கள் வகுப்பில் வரும். அதையும் அளந்து சொல்லுங்கள். 2012 இல் மத்திய அரசு தி.மு.க. வின் 18 நாடாளுமன்ற உறுப்பினர்களில் தங்கியிருந்தது. 2013 மார்ச் 19 ஆம் திகதி அக்கட்சி ஆதரவை விலக்கிக்கொண்டது, இரண்டு நாள் கழித்து இந்தியா தீர்மானத்தை ஆதரித்தது. அடுத்த ஆண்டு பொதுத் தேர்தலுக்கு ஒரு மாதம்கூட இல்லாத வேளையில், தமிழக மக்களின் உணர்வு அப்படியே இருந்தும், அதே அரசு நடுநிலை வகித்தது. காப்பாற்றிக்கொள்ள அங்கே ஒரு கூட்டணி மிஞ்சியிருக்கவில்லை. வீதியில் எழும் குரலைவிட நாடாளுமன்றத்தில் எண்ணப்படும் தலைதான் வெளிநாட்டமைச்சுக்குக் கேட்கிறது என்று நான் இதை வாசிக்கிறேன். கடுமையான வாசிப்பு என்றால் பிள்ளைகளிடம் சற்று மென்மையாகச் சொல்லுங்கள்.

கொக்குவில் சட்டத்தரணி:

கீரிமலை ஐயாவின் விளக்கத்தில் வாசகத்தைப் பார்க்கச் சொன்ன பகுதியை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்த மாறாத கோட்டுக்கு ஒரு கோட்பாட்டின் மதிப்பைக் கொடுத்துவிட வேண்டாம். சம்மதமின்றித் தலையிடக் கூடாது என்று ஜெனிவாவில் பேசுகின்ற அதே அரசின் விமானங்கள்தான் 1987 ஜூன் 4 ஆம் திகதி கொழும்பின் அனுமதி இல்லாமல் வந்து யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப் பொதிகளைப் போட்டன. எட்டு வாரங்களுக்குள் இலங்கை-இந்திய ஒப்பந்தம் கைச்சாத்தானது. அமைதிப்படை என்ற பெயரில் வந்து 1990 மார்ச் வரை இங்கிருந்த இந்தியப் படையைப் பற்றி இந்த ஊர்க்காரருக்கு நான் எழுதத் தேவையில்லை. இறைமை பற்றிய கவலை அன்று எங்கே இருந்தது என்று மாணவி கேட்டால், அப்போது ஜே.ஆர். ஜெயவர்த்தனவின் அரசு மேற்குலகின் பக்கம் சாய்ந்திருந்தது என்பதையும், திருகோணமலைத் துறைமுகம் வேறு யாருடைய கைக்கும் போகக் கூடாது என்பது டெல்லியின் கவலையாக இருந்தது என்பதையும் சேர்த்தே நீங்கள் சொல்ல வேண்டியிருக்கும்.

அதேவேளை நடுநிலை என்பதை வெறுமை என்று எடுத்துக்கொள்வதும் பிழை. 2021 மார்ச் 23 ஆம் திகதி இந்தியா தன் வாக்கை விளக்கும்போது, தமிழர்களின் சமத்துவம், நீதி, அமைதி, கௌரவம் ஆகியவற்றுக்கான ஆதரவு ஒன்று, இலங்கையின் ஒற்றுமையும் ஆட்புல ஒருமைப்பாடும் மற்றொன்று என்று இரண்டையும் ஒரே தராசில் வைத்தது. மாகாணசபைத் தேர்தலையும் மாகாணங்களுக்கு அதிகாரம் பகிரும் அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தத்தையும் நினைவூட்டியது. அன்றைய எண்ணிக்கை 22 ஆதரவு, 11 எதிர்ப்பு, 14 நடுநிலை. இலங்கை அரசு அந்த 14 ஐயும் 11 உடன் கூட்டி, 25 நாடுகள் தீர்மானத்தை ஆதரிக்கவில்லை என்று கணக்குக் காட்டியது. ஒரே மௌனத்தைக் கொழும்பு தனக்குச் சாதகமாகவும், எங்கள் அரசியல்வாதிகள் சிலர் எங்களுக்குச் சாதகமாகவும் வாசித்தார்கள். இப்படி இரண்டு வாசிப்புக்கும் இடம் கொடுப்பதற்காகவே அது எழுதப்பட்டது என்று நினைக்கிறேன். விளைவைக் கேட்டால், வடமாகாணசபைக்கு 2013 செப்டெம்பரில் நடந்த முதலாவது தேர்தலே இன்றுவரை கடைசித் தேர்தலுமாகும். சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது.

பாடத்துக்கு இன்னொரு வகை உதாரணமும் வேண்டுமென்றால் மனித உரிமைச் சமவாயங்களைப் பின்பற்றும் நிபந்தனையோடு ஐரோப்பிய ஒன்றியம் ஏற்றுமதிக்கு வழங்கும் ஜீ.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகையை எடுங்கள். குடியியல் அரசியல் உரிமைகள், சித்திரவதைக்கு எதிரான சமவாயம், சிறுவர் உரிமைகள் ஆகிய மூன்றிலும் குறைபாடு கண்டு 2010 ஓகஸ்டில் இலங்கைக்கு அதை நிறுத்தினார்கள், 2017 மே மாதம் திரும்பக் கொடுத்தார்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தைத் திருத்துவது பற்றிக் கொழும்பு பேசத் தொடங்கிய பெரும்பாலான தருணங்களில் பின்னணியில் இந்தச் சலுகை இருந்தது. 2022 மார்ச்சில் வந்த திருத்தமும் அப்படித்தான். தீர்மானத்துக்கு இல்லாத பிடி வர்த்தகத்துக்கு இருக்கிறது. ஆனால் சலுகை போனபோது ஆடைத் தொழிற்சாலையில் வேலை இழக்கும் அபாயத்தில் நின்ற பெண்பிள்ளைகள் எந்தச் சமவாயத்தையும் மீறியவர்கள் அல்லர் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பருத்தித்துறைக் கடற்கரை:

ஒரு சிறு குறிப்பு மட்டும். 2014 இல் இந்தியா நடுநிலை வகித்ததும், கைதாகியிருந்த இந்திய மீனவர்கள் அனைவரையும் விடுவிக்கும்படி இலங்கை ஜனாதிபதி உத்தரவிட்டார். இந்தியப் படகுகளின் இழுவைமடியால் வலைகளையும் கடலடியையும் இழந்துகொண்டிருந்த எங்கள் தொழிலாளர்களிடம் அப்போது யாரும் ஒரு சொல் கேட்கவில்லை. அந்தப் பக்கம் பிடிபட்டவர்களும் கூலிக்கு வந்த ஏழைத் தமிழர்கள்தான், அவர்கள் வீடு திரும்பியதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஜெனிவாவில் பெற்ற உதவிக்குப் பாக்குநீரிணையில் நன்றி செலுத்தப்பட்டது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அட்டவணையில் அதற்கும் ஒரு நிரல் போடலாம்.

ஸ்காபரோவிலிருந்து:

கனடாவை நல்ல உதாரணமாக யாராவது எழுதுவார்கள் என்று எதிர்பார்த்தேன். யாரும் எழுதாததால் நானே எழுதுகிறேன், ஆனால் புகழ்வதற்காக அல்ல. 2013 இல் கொழும்பில் நடந்த பொதுநலவாய மாநாட்டைக் கனடாப் பிரதமர் புறக்கணித்தார். 2022 மே 18 ஆம் திகதி எங்கள் நாடாளுமன்றம் தமிழினப் படுகொலை நினைவு நாளை ஏகமனதாக அங்கீகரித்தது. 2023 ஜனவரியில் முன்னாள் ஜனாதிபதிகளான மகிந்த ராஜபக்ச, கோத்தாபய ராஜபக்ச ஆகியோர் மீதும் படையினர் இருவர் மீதும் தடை விதிக்கப்பட்டது. முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு ஒரு நாடு இலங்கையின் அதியுயர் பதவியில் இருந்தவர்களையே பெயர் சொல்லித் தடைப்பட்டியலில் போட்டது என்பது எங்களுக்குச் சிறிய விடயம் அன்று. அன்று பின்னேரம் ஒருவரையொருவர் தொலைபேசியில் அழைத்துப் பேசிக்கொண்டோம்.

ஆனால் இதே நாடு 2018 ஓகஸ்டில் சவூதி அரேபியாவில் சிறைவைக்கப்பட்ட பெண்கள் உரிமைச் செயற்பாட்டாளர்களுக்காக ஓர் அறிக்கை விட்டது. சவூதி உடனே கனடாத் தூதுவரை வெளியேற்றியது, புதிய வர்த்தகத்தை நிறுத்தியது, கனடாவில் படித்துக்கொண்டிருந்த தன் மாணவர்களைத் திருப்பி அழைத்தது. கனடா அறிக்கையை மீளப் பெறவில்லை, அதற்காக மதிக்கிறேன். ஆனால் சவூதிக்குக் கவச வாகனங்கள் விற்பதற்கு 2014 இல் செய்துகொண்ட, ஏறத்தாழ 15 பில்லியன் டொலர் பெறுமதியான ஒப்பந்தத்தையும் அது கைவிடவில்லை. இலங்கையோடு எங்களுக்கு அப்படியொரு ஒப்பந்தம் கிடையாது. இலங்கைத் தமிழர் விடயத்தை வைத்து வாக்களிக்கும் தொகுதிகள் இங்கே உண்டு. எங்களுக்குக் கிடைத்த நீதியின் ஒரு பகுதி, எங்கள் விடயத்தில் அது மலிவாக இருந்ததால் கிடைத்தது என்று சொன்னால் இங்குள்ள நண்பர்கள் கோபிப்பார்கள். கோபித்தாலும் இளம்பிள்ளைகள் இதைக் கேட்டு வளர வேண்டும் என்று விரும்புகிறேன்.

அவுஸ்திரேலியாவையும் இதன் மறுபக்கமாக எடுக்கலாம். 2013 மாநாட்டின்போது அந்நாட்டுப் பிரதமர் இலங்கைக் கடற்படைக்கு இரண்டு ரோந்துப் படகுகள் வழங்குவதாக அறிவித்தார். மறு ஆண்டு ஜூலையில் கடலில் இடைமறிக்கப்பட்ட 41 பேர் மட்டக்களப்புக்கு அப்பால் நடுக்கடலில் வைத்து இலங்கைக் கடற்படையிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். படகுகள் வரக் கூடாது என்பதே முதல் நோக்கமாகிவிட்ட ஒரு நாட்டுக்கு, படகில் ஏறியவன் எதற்குப் பயந்து ஏறினான் என்று கேட்பது இடைஞ்சலான கேள்வியாகிவிடுகிறது.

ஒரு சகோதரி:

என் அண்ணாவைத் தேடி 2009 இலிருந்து அலைகிறேன். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவிலடியில் காணாமல் போனோரின் உறவுகள் தொடங்கிய போராட்டத்தில் இருந்தவர்களில் நானும் ஒருத்தி. எங்கள் பந்தல்களில் சிலர் அமெரிக்கக் கொடியும் ஐரோப்பிய ஒன்றியக் கொடியும் பிடித்ததைப் பார்த்துப் படித்தவர்கள் சிலர் சிரித்தார்கள். அந்த நாடுகள் தங்கள் நலனுக்காக வருகின்றன என்பது எங்களுக்குத் தெரியாது என்று அவர்கள் நினைத்தார்கள் போலும். பந்தலில் இருந்த அம்மாமார் எல்லாருக்கும் அது தெரியும். வேறு எந்தக் கதவைத் தட்டுவது என்பதுதான் எங்கள் கேள்வியாக இருந்தது. காணாமல் போனோர் அலுவலகத்தில் கொடுத்த அதே விபரங்களைத் திரும்பத் திரும்ப எழுதிக் களைத்தவர்களுக்கு, நலன் கலவாத உதவிதான் வேண்டும் என்று காத்திருக்க வயது இல்லை. பந்தலில் இருந்த பலர் பிள்ளையைக் காணாமலே போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

2025 ஜூனில் உயர்ஸ்தானிகர் செம்மணி மனிதப் புதைகுழிக்கு வந்து அகழ்வு நடந்த இடத்தைப் பார்த்தார். 2014 இலும் 2021 இலும் நிறைவேறிய தீர்மானங்கள் இல்லாவிட்டால் அவர் வந்திருப்பாரா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் திரட்டி வைத்திருக்கும் சான்றுகள் எங்கோ ஓரிடத்தில் அழியாமல் இருக்கின்றன என்பது எனக்கு ஆறுதல். இந்தியா அதற்குக் கை உயர்த்தியிருந்தால் கூடுதல் ஆறுதலாக இருந்திருக்கும்.

கீரிமலை:

சகோதரிக்கு என் பதிலில் இடமில்லாமல் போனதை இப்போதுதான் உணர்கிறேன். சட்டத்தரணி சொன்ன 1987 பற்றிய திருத்தத்தையும் ஏற்கிறேன். மாறாத கோடு என்பதை "ஜெனிவாவில் மாறாத கோடு" என்று சுருக்கிக்கொள்கிறேன். 2022 ஒக்டோபர் 6 ஆம் திகதி வாக்கெடுப்புக்கு ஏழெட்டு வாரங்களுக்கு முன்னர்தான், இந்தியா ஆட்சேபித்தும் கேளாமல், சீனாவின் ஆய்வுக் கப்பல் ஒன்று அம்பாந்தோட்டைக்கு வந்துபோனது. அந்த ஆண்டு இந்தியா ஏறத்தாழ நான்கு பில்லியன் டொலர் உதவியும் செய்திருந்தது. அவ்வளவு கோபமும் அவ்வளவு பிடியும் இருந்தும் வாக்கு அசையவில்லை. முன்னேற்றம் போதாது என்று வாயால் சொன்னதோடு நின்றுவிட்டது. இதனால்தான் கொழும்பின் மேலுள்ள கோபதாபத்தை வைத்து மட்டும் டெல்லியின் வாக்கைக் கணிக்கக் கூடாது என்கிறேன்.

வலிகாமத்து ஆசிரியன்:

எல்லோருக்கும் நன்றி. எண்ணைத் திருத்தியதற்குத் தனியாக நன்றி. மாணவியின் கொப்பியில் அது சரியாகத்தான் இருந்தது, பிழை என்னுடையது.

அடுத்த வகுப்புக்கு 2012 ஆம் ஆண்டுத் தீர்மானத்தின் இரண்டு வடிவங்களையும், முதலில் சமர்ப்பித்ததையும் கடைசியில் நிறைவேறியதையும், தமிழில் எழுதிப் பிரதி எடுத்துக் கொடுக்கப்போகிறேன். எந்தச் சொற்கள் புதிதாக வந்தன, அவை யாருக்கு உதவும் என்று அவர்களே தேடட்டும். பிறகு 1987 ஜூன் 4 ஆம் திகதியைப் பற்றி வீட்டில் அம்மம்மாவிடமோ அப்பாச்சியிடமோ கேட்டு எழுதிக்கொண்டு வரச் சொல்வேன். அன்று வானத்தைப் பார்த்து நின்றவர்களில் எத்தனை பேர் நாலு மாதம் கழித்து, அமைதிப்படை இங்கு வந்திருந்தபோது என்ன சொன்னார்கள் என்பது பாடப்புத்தகத்தில் இல்லை, ஆனால் இந்த ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. சகோதரி எழுதியதை, அவர் சம்மதித்தால், பெயர் எதுவும் இல்லாமல் வகுப்பில் வாசிக்க விரும்புகிறேன்.

ஒரு சகோதரி:

வாசியுங்கள் சேர். அம்மாமாருக்கும் நலன் விடயம் தெரியும் என்று எழுதிய வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.